துப்பாக்கிச் சத்தம் கேட்கும் காட்டில் சைக்கிள் ஓட்டலாமா? – வாசகர் கேள்விகள்

இலையுதிர் காலம் தலைகாட்டினாலே அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரி கடிதங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. மவுண்டன் பைக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனால் அங்கே துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கிறார்கள், என்ன செய்வது என்று. இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: டென்வருக்குப் பக்கத்தில் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. செப்டம்பரில் தேசிய வனத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இலைதழை போட்ட உடுப்பில் வில்லும் கையுமாக ஒருவர் புதருக்குள்ளிருந்து எழுந்து நின்றார். உயிரே போய்விட்டது. பொதுமக்கள் நடமாடும் இடத்தில் இதற்கெல்லாம் அனுமதி உண்டா? – கொலராடோ வாசகர்

பதில்: உண்டு. அமெரிக்க வனத்துறையின் கையில் இருப்பது சுமார் 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். 1960-ல் வந்த சட்டம் ஒன்று, இந்தக் காடுகளை மரம், மேய்ச்சல், நீர்வளம், வனவிலங்கு, பொழுதுபோக்கு என எல்லாவற்றுக்கும் சேர்த்தே நிர்வகிக்க வேண்டும் என்கிறது. அது போதாதென்று 2019-ல் நிறைவேறிய டிங்கல் சட்டம், தனியாக மூடி அறிவிக்காத வரை வனத்துறை நிலமும் நில மேலாண்மைத் துறை நிலமும் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் துப்பாக்கிப் பயிற்சிக்கும் திறந்தவைதான் என்று எழுதியே வைத்துவிட்டது. ஆக, நீங்கள் பார்த்த மனிதர் உங்கள் இடத்துக்குள் புகுந்தவர் அல்ல. சொல்லப்போனால், காட்டை இயற்கையாகவே விட்டுவைக்கச் சொல்லும் 1964-ன் வனாந்தரச் சட்டத்துக்குள் வரும் பகுதிகளில் அவர் துப்பாக்கியோடு போகலாம், நீங்கள் பெடல் சைக்கிளோடுகூட நுழைய முடியாது. சைக்கிள்காரர்கள் பல வருடங்களாக இதற்காகப் பொருமுகிறார்கள். அந்தத் தடை இருப்பதே நல்லது என்பது என் கட்சி, ஆனால் அது வேறு சண்டை.

செப்டம்பர் அங்கே வில் வேட்டைக்கான மாதம். கொலராடோவில் மான், எல்க் (பெரிய மான் வகை), கரடி போன்றவற்றைத் துப்பாக்கியால் வேட்டையாடுபவர்கள் உடம்பில் குறைந்தது 500 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ போட வேண்டும் (பிங்க் சேர்ந்தது 2016-ல்), தலையிலும் அதே நிறம் வேண்டும். வில்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அதனால்தான் உங்கள் கண்ணுக்கு அவர் புதர் மாதிரியே தெரிந்தார். பயப்பட வேண்டியதில்லை, வில்லால் அடிப்பவர் மிருகத்துக்கு மிகப் பக்கத்தில் போய், அது என்ன என்று நன்றாகப் பார்த்த பிறகுதான் அம்பை விடுவார். கவனம் அதிகம் தேவைப்படுவது அக்டோபர், நவம்பரில், ரைஃபிள் சீசன்கள் வரும்போது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நிலம் மத்திய அரசுடையது, ஆனால் எந்த மிருகத்தை எந்த மாதத்தில் எந்த ஆயுதத்தால் வேட்டையாடலாம் என்று முடிவு செய்வது மாநிலத்தின் வனவிலங்குத் துறை. பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் உள்ளூர் அலுவலகத்தைக் கேட்டுவிட்டு, சீசன் பற்றி அங்கே ஒன்றும் சொல்லவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறைய. மாநிலத் துறை ஒவ்வொரு வருடமும் சீசன் தேதிகளை வெளியிடும், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது, அன்றைக்குப் போனால் தொந்தரவில்லை என்று எங்கள் குழுவில் ஒரு சீனியர் சொல்கிறார். நம்பலாமா? – வர்ஜீனியா வாசகர்

பதில்: நம்ப வேண்டாம். அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. வர்ஜீனியாவில் 2022-லேயே பொது நிலத்தில் ஞாயிறு வேட்டைக்குக் கதவு திறந்தாகிவிட்டது, பென்சில்வேனியாவும் 2025-ல் பழைய தடையை நீக்கிவிட்டது. மெய்ன் மாதிரி ஓரிரு இடங்களில்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது.

கிழமையை விட்டுவிட்டு மாதத்தைப் பாருங்கள். மிச்சிகனில் துப்பாக்கியால் மான் வேட்டை நவம்பர் 15 முதல் 30 வரை. விஸ்கான்சினில் நன்றி தெரிவிக்கும் நாளுக்கு (நவம்பர் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் அலுவலகத்தில் பாதிப் பேர் காணாமல் போவதை அங்கே வேலை செய்யும் வாசகர்கள் கவனித்திருப்பார்கள், அவர்களெல்லாம் எங்கே போகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதல் சனி, ஞாயிறுதான் கூட்டம் உச்சம். அந்த இரண்டு நாளை மட்டுமாவது விட்டுக்கொடுத்தால் பாதித் தலைவலி போய்விடும்.

வசந்த காலத்தில் காடு காலி என்றும் நினைத்துவிடாதீர்கள். பல மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்கள் வான்கோழி சீசன். ஆள் உச்சி முதல் பாதம் வரை இலைதழை உடுப்பில், மரத்தில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருப்பார், பெட்டை வான்கோழி மாதிரி குரல் கொடுத்துச் சேவலைக் கூப்பிட்டுக்கொண்டு. புதருக்குள்ளிருந்து கோழிச் சத்தம் கேட்டால் படம் எடுக்கலாம் என்று இறங்கிப் போகாதீர்கள். அந்தக் குரலைத் தேடிக்கொண்டு இன்னொரு வேட்டைக்காரரும் வரக்கூடும்.

கேள்வி: எந்த நிற ஜெர்சி நல்லது? என்னிடம் இருப்பதெல்லாம் கறுப்பும் பழுப்பும். ஆரஞ்சு போட்டால் மான் ஓடிவிடும், வேட்டைக்காரர்கள் திட்டுவார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். – பிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உங்கள் நண்பருக்கு மானின் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். நம் கண்ணில் நிறம் பிரிக்கும் உணர்விகள் மூன்று வகை, மானுக்கு இரண்டுதான். சிவப்பு, ஆரஞ்சுப் பக்கத்து ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வகை அதற்கு இல்லை. நமக்குக் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறம். நீலம்தான் மானுக்குப் பளிச்சென்று தெரியும். அதனால் நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வேட்டைக்காரருக்குத் தொந்தரவு தராமல் போகிறேன் என்று நினைப்பவர் இரண்டு பக்கமும் தப்பாகச் செய்கிறார், மானுக்குத் தெரிகிறார், மனிதனுக்குத் தெரியவில்லை.

பழுப்பு வேண்டவே வேண்டாம். வெள்ளையும் வேண்டாம், ஏனென்றால் வெள்ளைவால் மான் மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், வேட்டைக்காரர் மரங்களுக்கு நடுவில் தேடிக்கொண்டிருப்பது அந்த வெள்ளைப் பளிச்சைத்தான். வெள்ளைக் கையுறை ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வருவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். வான்கோழி சீசன் என்றால் சிவப்பும் நீலமும்கூட விலக்கு, சேவலின் தலையில் இருப்பவை சிவப்பு, வெள்ளை, நீலம்.

சைக்கிள்காரர்கள் பொதுவாகக் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு மேலங்கியைப் போட்டுவிட்டு அதற்கு மேலேயே தண்ணீர்ப் பையை மாட்டிக்கொள்கிறார்கள். முதுகு முழுக்க மறைந்துவிடுகிறது. முன்னால் குனிந்து ஓட்டுவதால் மார்பும் தெரிவதில்லை. ஹெல்மெட்டுக்கு ஆரஞ்சு உறை, முதுகில் மாட்டும் அந்தத் தண்ணீர்ப் பைக்கு ஆரஞ்சு உறை, இந்த இரண்டும் மேலங்கியைவிட முக்கியம். நீங்கள் பென்சில்வேனியாவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மாநிலத்து வேட்டை நிலங்களில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை வேட்டையாடாதவர்களும் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு போட்டாக வேண்டும். அது அறிவுரை அல்ல, விதி. அந்த நிலங்களில் சைக்கிளுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, இஷ்டத்துக்கு எங்கும் ஓட்ட முடியாது.

கேள்வி: வேட்டைக்காரர்கள்கூடப் பரவாயில்லை. எங்கள் பகுதியில் வார இறுதியானால் வனத்துறை மண் ரோட்டோரம் காரை நிறுத்தி, பழைய டிவி, பாட்டில் எல்லாம் அடுக்கிவைத்துச் சுட்டுத் தள்ளுகிறார்கள். நாங்கள் ஓட்டும் டிரெயில் அந்த மேட்டுக்குப் பின்னால்தான் போகிறது. போன மாதம் தலைக்கு மேலே ஏதோ விர்ரென்று போனது. இது சட்டப்படி சரியா? சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும்? – கொலராடோவிலிருந்து இன்னொரு வாசகர்

பதில்: வந்த கடிதங்களில் இதைத்தான் அதிகக் கவலையோடு படித்தேன். வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பு முடித்து, உரிமம் வாங்கி, பெரும்பாலும் ஒரு நாளில் ஒரு குண்டுகூடச் சுடாமல் வீடு திரும்புகிற ஆள். இலக்கு வைத்துச் சுட்டுப் பழகுபவர் அப்படியில்லை. வகுப்பு, உரிமம் எதுவும் அவருக்குக் கட்டாயமில்லை, சீசனும் கிடையாது, ஒரு மதியத்தில் சில நூறு குண்டுகளைத் தீர்க்கலாம். எல்லோரும் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்லவில்லை, மண்மேட்டைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்து, காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு போகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் டிவியை வைத்துச் சுடுகிற கூட்டம் அந்த வகை இல்லை.

சட்டத்துக்கு வருவோம். தேசிய வனங்களுக்கான கூட்டாட்சி விதி இப்படிச் சொல்கிறது: வீடு, கட்டடம், கூடாரமிடும் இடம், அமைக்கப்பட்ட பொழுதுபோக்கு இடம், ஆட்கள் இருக்கும் பகுதி இவற்றிலிருந்து 150 கஜத்துக்குள் (ஏறக்குறைய 137 மீட்டர்) சுடக்கூடாது. வனத்துறை ரோட்டின் மேல் நின்றோ அதைத் தாண்டியோ சுடக்கூடாது. ஆளுக்கோ சொத்துக்கோ ஆபத்து வரும் எந்த விதத்திலும் எந்த இடத்திலும் சுடக்கூடாது. இதில் ரோடு என்று இருக்கிறதே தவிர, டிரெயில் என்று பெயர் சொல்லி எழுதவில்லை. இந்த ஓட்டையைத்தான் சிலர் வாதத்துக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் விஷயத்தில் கடைசிப் பகுதியே போதும்: மேட்டுக்குப் பின்னால் பாதை, அதில் ஆட்கள், குண்டு மேட்டைத் தாண்டுகிறது என்றால் அது மீறல்தான். இதற்கு மேல் சில வனங்கள் தனி உத்தரவு போட்டு டிரெயில்களையும் சேர்த்திருக்கின்றன, சில பகுதிகளைச் சுடுவதற்கே மூடியிருக்கின்றன. உங்கள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டால் அந்த உத்தரவின் நகலைத் தருவார்கள்.

மேட்டைத் தாண்டுவது என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மிகச் சின்னதாகத் தோன்றும் .22 தோட்டாகூட ஒன்றேகால், ஒன்றரை மைல் வரை போகும். பெரிய ரைஃபிள் தோட்டா மூன்று மைலையும் தாண்டும். 2015 ஜூலையில் டென்வருக்குத் தெற்கே தேசிய வனத்தில் குடும்பத்தோடு கூடாரம் அடித்திருந்த ஒருவர், எங்கிருந்தோ வந்த குண்டு பட்டு இறந்தார். உங்கள் பக்கத்துக் காடுதான் அது.

சத்தம் கேட்டால் என்ன செய்வது? தூரத்தில் டும், டும் என்று மட்டும் கேட்டால் யாரோ எங்கோ சுடுகிறார்கள், திசையைக் கவனித்துக்கொண்டே போகலாம். சாட்டையைச் சொடுக்கினாற்போல ஒரு வெடிச்சத்தம் முதலிலும், அதற்குப் பின்னால் டும் என்று இரண்டாவதும் கேட்டால், ஒலியைவிட வேகமான குண்டு உங்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கடந்து போயிருக்கிறது என்று அர்த்தம். விர்ரென்ற ரீங்காரம் பெரும்பாலும் கல்லிலோ இரும்பிலோ பட்டுத் தெறித்த துண்டு. இந்த இரண்டில் எது கேட்டாலும் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையோடு தாழுங்கள், பெரிய பாறைக்கோ மேட்டுக்கோ பின்னால் போய்க் கத்துங்கள். விசில் இருந்தால் ஊதுங்கள். சுடுபவர்கள் காதை மூடியிருப்பார்கள், ஒரு தடவை கூப்பிட்டால் கேட்காது, சுடுவது நிற்கும் இடைவெளி பார்த்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். நின்றதும் வந்த வழியே திரும்புங்கள், அவர்களுக்கு முன்பக்கமாக வெளியே வராதீர்கள்.

அப்புறம் போய்ச் சண்டை போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், கையில் துப்பாக்கி இருப்பவரிடம் நியாயம் பேசும் வேலை ஷெரிஃபுடையது. அந்த நேரத்திலேயே ஆபத்து என்றால் 911. இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, கார் எண், எத்தனை பேர், எந்தத் திசையில் சுட்டார்கள், இதையெல்லாம் குறித்து வையுங்கள். அவசரமில்லாத தொடர் தொல்லை என்றால் வனத்துறை அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு ஆள் பத்து முறை போனில் புலம்புவதைவிட, பத்துப் பேர் தேதியோடு எழுதிய பத்துக் கடிதம் கோப்பில் நிற்கும். பகுதியை மூட வேண்டுமென்றால் அவர்களுக்கும் காரணம் காகிதத்தில் வேண்டும்.

என்னைக் கேட்டால் மூடுவது மட்டும் தீர்வில்லை. ஒரு மேட்டை மூடினால் அவர்கள் அடுத்த மேட்டுக்குப் போவார்கள். சரியான மண் தடுப்பும் ஒரே திசையும் உள்ள சுடுதளம் பக்கத்தில் கிடைத்தால், ரோட்டோரக் கூட்டத்தில் பாதி அங்கே போய்விடும். 2019-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி பொதுச் சுடுதளம் அமைக்கும் செலவில் 90 சதவீதம் வரை மாநிலங்கள் கூட்டாட்சி நிதியிலிருந்து எடுக்கலாம். சைக்கிள் சங்கங்கள் சுடுதளத்துக்காகக் கையெழுத்து வாங்குவது விநோதமாகத் தெரியலாம், ஆனால் அதுதான் பலன் தரும் வேலை.

கேள்வி: ஒரு வேட்டைக்காரர் என்னிடம், "இந்தக் காட்டுக்கெல்லாம் பணம் கட்டுவது நாங்கள், நீங்கள் ஓசியில் ஓட்டுகிறீர்கள்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. – ஜார்ஜியா வாசகர்

பதில்: பாதி சரி. 1937-ன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டா, வில் சாமான்கள் மீது 11 சதவீதமும் கைத்துப்பாக்கி மீது 10 சதவீதமும் வரி. அந்தப் பணம் மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. மானும் வான்கோழியும் இன்று இவ்வளவு பெருகியிருப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, அதை மறுக்கக்கூடாது. சைக்கிளுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் வேட்டைக்கே போகாமல் கைத்துப்பாக்கி வாங்குபவர்களும் அந்த வரியைக் கட்டுகிறார்கள் என்பதை அவரும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நீங்கள் ஓட்டியது எந்த நிலம் என்பதுதான் கேள்வி. மாநிலத்தின் வேட்டை நிலங்கள் சில, உரிமக் கட்டணத்திலேயே வாங்கப்பட்டவை. அங்கே அவர் சொல்வதற்கு எடை உண்டு, விதிகளும் அவருக்குச் சாதகமாகவே இருக்கும். தேசிய வனம் அப்படியல்ல, பொதுக் கருவூலத்தில் நடப்பது, உங்கள் வருமான வரியும் அதில் இருக்கிறது. அடுத்த முறை பார்த்தால் இதைச் சண்டையாக்காமல் சொல்லுங்கள். பாதையில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்க, மண் அரிப்பைச் சரிசெய்ய சைக்கிள் குழுக்கள் தன்னார்வமாக வேலை செய்வதையும் சேர்த்துச் சொல்லலாம், அந்தப் பாதையில்தானே அவரும் மானைச் சுமந்து வருகிறார்.

கேள்வி: காலை ஆறரை மணிக்கு என்னைப் பார்த்து ஒருவர் "என் நாளையே கெடுத்துவிட்டாய்" என்று கையை ஆட்டினார். பாதையில் ஓட்டியது என் தப்பா? – ஓரிகன் வாசகர்

பதில்: சட்டப்படி தப்பில்லை. வேட்டையை வேண்டுமென்றே கெடுப்பதற்கு எதிரான சட்டம் 50 மாநிலங்களிலும் இருக்கிறது, மானை விரட்டுவதற்காக மணியடித்துக் கத்திக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள். சாதாரணமாகப் பாதையில் போவது அதில் வராது.

ஆனால் அவருடைய கோபமும் வெறும் வீம்பு இல்லை. உங்கள் மாநிலத்திலேயே ஸ்டார்க்கி ஆராய்ச்சிக் காட்டில் எல்க்குகளுக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். நாலு சக்கர மோட்டார் வண்டிக்கு அவை அதிகம் மிரண்டன, அடுத்தது மவுண்டன் பைக், நடப்பவரும் குதிரையில் போகிறவரும் அதற்குப் பிறகுதான். சைக்கிள் சத்தமில்லாமல் போகிறது, அதனால் தொந்தரவில்லை என்ற நம் வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது. அந்த மனிதர் இருட்டில் எழுந்து, குளிரில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பல மாநிலங்களில் சுட அனுமதி சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. மான் நடமாடுவதும் வெளிச்சம் குறைவாக இருப்பதும் இரண்டு ஓரங்களிலும்தான். காலை பத்துக்கு மேல் மூன்று மணிக்குள் ஓட்டினால் அவருக்கும் நல்லது, உங்களுக்கும் பத்திரம். வழியில் யாரையாவது பார்த்துவிட்டால் வேகத்தைக் குறைத்து, கையைத் தூக்கி, சாதாரணக் குரலில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். நின்று "என்ன, ஏதாவது கிடைத்ததா?" என்று விசாரிக்காதீர்கள்.

வேட்டைக்காரர்களும் இப்போது மின்சார சைக்கிள் வாங்கிக் குவிக்கிறார்கள். வனத்துறைக் கணக்கில் அது மோட்டார் வண்டி, மோட்டாருக்கு அனுமதி இல்லாத பாதையில் அதை ஓட்டக்கூடாது. அங்கே அவர் மின்சார சைக்கிளில் எதிரே வந்தால் கையை ஆட்டும் முறை உங்களுடையது.

கேள்வி: என் வீட்டுக்காரர் எங்கள் பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு நவம்பரில்கூடக் காட்டுப் பாதைக்குப் போகிறார். ஆரஞ்சு போட்டால் போதும் என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. நான் அதிகமாகப் பயப்படுகிறேனா? – விஸ்கான்சின் வாசகி

பதில்: கொஞ்சம் அதிகம்தான் அம்மா, ஆனால் காரணமில்லாத பயம் இல்லை. வேட்டைத் துப்பாக்கி விபத்துகளில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்களே, தன் குண்டிலோ கூட வந்தவர் குண்டிலோ. வழிப்போக்கர் அடிபடுவது அபூர்வம். அபூர்வம் என்றால் நடக்காது என்று இல்லை: 2008-ல் வாஷிங்டன் மாநிலத்தில் மலைப்பாதையில் நின்றிருந்த ஒரு பெண்ணைக் கரடி என்று நினைத்து ஒரு சிறுவன் சுட்டுவிட்டான், அவர் இறந்துபோனார். 2018-ல் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மவுண்டன் பைக் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேட்டைக்காரர் குண்டுக்குப் பலியானார், அவர் பளிச்சென்ற நிறத்தில்தான் உடுத்தியிருந்தார். ஆகவே ஆரஞ்சு போட்டால் போதும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆரஞ்சு வேண்டும், நேரமும் இடமும் பார்க்கவும் வேண்டும்.

உங்கள் மாநிலத்தில் மான் வேட்டை நடக்கும் அந்த ஒன்பது நாளும் பையனை வேட்டை அனுமதி இல்லாத நகராட்சிப் பூங்காப் பாதைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மற்ற வாரங்களில் நடுப்பகலில், ஹெல்மெட் வரை ஆரஞ்சோடு, பையன் முன்னால் அப்பா பின்னால், பேசிக்கொண்டே ஓட்டட்டும். பெரியவர் தனியாகப் போய் எடுக்கும் ஆபத்து அவர் இஷ்டம், பத்து வயதுக்காரனுக்காக அவர் எடுக்க முடியாது. இதை நான் சொன்னதாகவே அவரிடம் காட்டலாம்.

கேள்வி: தற்காப்புக்கு நானும் ஒரு துப்பாக்கி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால் என்ன? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எதிரே வரும் குண்டைத் துப்பாக்கி தடுக்காது. கீழே விழும்போது விலா எலும்பில் குத்தும். மணி வாங்குங்கள்.

கேள்வி: என் நாயும் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடிவரும். அதற்கு ஏதாவது? – வட கரோலினா வாசகர்

பதில்: நாய்க்கும் ஆரஞ்சு மேலங்கி கிடைக்கிறது, போடுங்கள், பழுப்பு நாய் என்றால் கட்டாயம் போடுங்கள். கழுத்தில் ஒரு மணியும் கட்டலாம். வேட்டை சீசனில் கட்டு இல்லாமல் விடாதீர்கள். காரணம் குண்டு மட்டும் இல்லை, குளிர்காலத்தில் பல மாநிலங்களில் பொது நிலத்தில் பொறி வைக்கவும் அனுமதி உண்டு, இரை வாசனைக்கு நாய் பாதையை விட்டு இறங்கினால் காலோ கழுத்தோ மாட்டிக்கொள்ளும். பொறியை எப்படித் திறப்பது என்று வீட்டிலேயே ஒரு காணொளி பார்த்துப் பழகிவிடுங்கள். கழுத்தை இறுக்கும் வகையில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதன் ஸ்பிரிங் இரண்டையும் வெறும் கையால் அமுக்குவது கஷ்டம், நாய்க் கயிற்றை அதில் சுற்றி இழுக்கும் முறை இருக்கிறது. வேட்டை நாய்கள் கழுத்துப்பட்டையோடு கூட்டமாக ஓடிவந்தாலும் மிரள வேண்டாம், அவை கரடியைத் துரத்துகின்றன; உங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள், அவற்றின் உரிமையாளர் பின்னாலேயே வருவார்.